மெம்பரின் கை நடுக்கம்

கேள்வி:

டாக்டர் சார், எங்கள் வீடு பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். ஊர் கிளப்பின் ஓண விழாவுக்கு வருஷா வருஷம் ஸ்கிட் எழுதுவது நான்தான். இந்த வருஷம் எங்கள் வார்டு மெம்பரை வைத்து எழுதச் சொல்கிறார்கள் பையன்கள். பெரிய வெள்ளமடிக்காரர், அதாவது குடிகாரர். போன வருஷம் கிராமசபைக்கே ஆடிக்கொண்டு வந்து நாற்காலியோடு சாய்ந்தார். பிறகு மூன்று மாதம் ஆளைக் காணவில்லை. சிகிச்சைக்குப் போயிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. இப்போது குடிப்பதில்லை. கை மட்டும் லேசாக நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அப்படியே நடித்துக் காட்ட எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான். பார்த்தால் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேண்டாம் என்றால், 'மெம்பரிடம் எவ்வளவு வாங்கினாய்?' என்பார்கள். 'பொதுவாழ்க்கைக்கு வந்தால் கேலியைத் தாங்கித்தான் ஆகணும், தமிழ்நாட்டில் விஜயகாந்தையே விட்டார்களா?' என்கிறான் ஒருவன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவும் தினமும் குடிப்பவர்தான். மெம்பர் கதையைச் சொன்னால் வீட்டில் முதலில் சிரிப்பது அவர்தான். நான் எழுதலாமா, கூடாதா?

பதில்:

தம்பி, எழுது. மெம்பரை வைத்தே எழுது. அந்தக் கையை மட்டும் விட்டுவிடு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உன் நண்பன் சொன்ன விஜயகாந்த். 2011 தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரச்சாரம் செய்த வடிவேலு, ஊர் ஊராகப் போய் அவரைக் குடிகாரர் என்று கேலி செய்தார். 'கேப்டன்' என்ற பட்டத்தையும் 'தண்ணி' என்ற சொல்லையும் வைத்துச் சிலேடை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டு எண்ணியபோது தே.மு.தி.க. 41 இடத்தில் போட்டியிட்டு 29-ல் ஜெயித்தது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். வடிவேலுவுக்குத்தான் அதற்குப் பிறகு பல வருஷம் படமே சரியாக இல்லை. குடிகாரர் என்ற கேலி ஒருவரைத் தேர்தலில் தோற்கடித்துவிடும் என்று உன் பையன்கள் நினைத்தால், அது நடக்காது என்று சொல்லத்தான் இந்தக் கணக்கு.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிந்திய கதை. சில வருஷங்களில் விஜயகாந்தின் பேச்சு குழற ஆரம்பித்தது. வார்த்தை நின்று நின்று வந்தது, நடை தளர்ந்தது. சிகிச்சைக்காக அமெரிக்கா வரை போனார். ஆனால் 2011-ல் போட்ட முத்திரை அழியவே இல்லை. அவர் வாய் குழறும் வீடியோ வரும்போதெல்லாம் 'தலைவர் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்போல' என்றுதான் பகிர்ந்தார்கள். நோயில் தளர்ந்த ஒரு மனிதரை வருஷக்கணக்கில் குடிபோதையில் இருப்பவராகவே பார்த்துச் சிரித்தது ஊர். 2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். அந்த மீம்கள் வந்த அதே கைபேசிகளில் அன்றைக்குக் கண்ணீர் ஸ்டேட்டஸ்.

என் தொழிலில் இது தினமும் பார்க்கிற தப்பு. நாக்கு குழறினால் குடி என்று முடிவுகட்டிவிடுவார்கள். பக்கவாதத்தின் முதல் அறிகுறியாகவும் நாக்குக் குழறல் வரலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆள் தள்ளாடுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார், பக்கத்தில் நிற்பவன் 'காலையிலேயே போட்டுட்டார்' என்று நகர்ந்துவிடுவான். உங்கள் மெம்பரின் கையும் அப்படித்தான். குடியை நிறுத்திய ஆறு, எட்டு மணி நேரத்தில் தொடங்கும் நடுக்கம் இருக்கிறது. சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரும், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊரும். அதனால்தான் ரொம்ப நாள் குடித்தவரை 'நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது' என்று அறையில் போட்டுப் பூட்டக் கூடாது என்கிறோம். அது உயிரையே எடுக்கலாம். ஆனால் அந்த நடுக்கம் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். விட்டு மாதக்கணக்கான பிறகும் கை நடுங்கினால் அது தைராய்டாக இருக்கலாம், பரம்பரை நடுக்கமாக இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையாகவும் இருக்கலாம். உன் பையன் நடித்துக் காட்டப்போவது மெம்பரின் குடியையா, அவர் அம்மா வழியில் வந்த நடுக்கத்தையா? உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இன்னொரு சங்கதி. அவர் எங்கே சிகிச்சைக்குப் போனார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது ஸ்கிட்டில் ஒரு வரிகூட வரக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அந்தக் கடமை முதலில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான், நாடகம் எழுதுகிற உன்னைச் சட்டம் பிடிக்கும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் 'ஊளம்பாறைக்குப் போனவன்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எத்தனை பேரை வாசல்வரை வந்து திரும்ப வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேரூர்க்கடையில் 1870-லிருந்து இருக்கும் மனநல மருத்துவமனை அது. அதன் பெயரே வசைச் சொல் ஆகிவிட்டது. மேடையில் யாராவது அதைச் சொன்னால் சிரிப்பு நிச்சயம். அதனாலேயே சொல்லாதே.

கேலியே கூடாது என்று சொல்லும் கட்சியில் இல்லை நான். முதல்வர்களாக இருந்த கருணாகரனின் கார் வேகத்தையும் வி.எஸ். அச்சுதானந்தனின் இழுத்து இழுத்துப் பேசும் பேச்சையும் திருவிழாவுக்குத் திருவிழா மேடையேற்றிய நாடு உன்னுடையது. சங்கர் தன் கார்ட்டூன்களில் நேருவையே விடவில்லை, நேருவும் விட வேண்டாம் என்றார். சங்கர் காயங்குளத்துக்காரர், உங்களுக்கு அந்த உரிமை ஊர்வழியாகவே வருகிறது. 2020 நவம்பரில் கேரள அரசு போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, இழிவுபடுத்தும் பேச்சுக்குச் சிறை என்றது. எதிர்ப்புக் கிளம்பி, சில நாளில் அவர்களே பின்வாங்கினார்கள். நல்லதுதான் நடந்தது. எது நல்ல கேலி என்று போலீஸ்காரர் முடிவுசெய்ய ஆரம்பித்தால் உங்கள் கிளப்பில் வடம்வலி என்ற கயிறிழுப்பு மட்டும்தான் மிஞ்சும்.

மெம்பரிடம் கேலிக்குரியது ஏராளமாக இருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை. கேரளத்தில் கிராமசபையைக் கூட்ட வேண்டியவரே வார்டு மெம்பர்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது. அவர் மூன்று மாதம் ஊரில் இல்லை என்கிறாய். அப்போது கூட்டியது யார்? குடிதண்ணீர்க் குழாய் விஷயம் என்ன ஆனது? தெருவிளக்குக்குச் சொன்னது யார், சொன்னாரா? அவர் ஆடிக்கொண்டே கிராமசபைக்கு வந்த அன்று, அதற்கு முந்தின ராத்திரி பாட்டில் வாங்கிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து 'சே, மெம்பர் இப்படியா!' என்று தலையில் அடித்துக்கொண்டாரா? அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் எனக்கு ஆச்சரியம். அவரை எழுது. நடிக்கவும் நல்ல வேஷம்.

பொதுக் காரியத்துக்குக் குடித்துவிட்டு வந்ததைச் சொல்லிக் காட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. நாற்காலியோடு விழுந்த காட்சியைக்கூட வைத்துக்கொள், அது கிராமசபையில் எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. என் கணக்கு இவ்வளவுதான்: அவர் ஆஸ்பத்திரி வாசல்படி ஏறிய நாள்வரை நடந்ததைக் கேலி செய்யலாம், அதற்குப் பிறகு குடிக்கேலிக்குக் கெடு முடிந்தது.

கெடு தாண்டியும் கேலி தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் முதல்வர் பகவந்த் மானைப் பார். அவரே ஒரு காலத்தில் மேடை நகைச்சுவைக்காரர், அரசியல்வாதிகளைக் கிண்டலடித்துப் பேர் வாங்கியவர். எம்.பி. ஆன பிறகு அவர் குடியே ஊர்ப் பேச்சானது. எதிர்க்கட்சிக்காரர்கள் பகவந்தை 'பெக்வந்த்' ஆக்கினார்கள். 2019 ஜனவரியில் பர்னாலாவில் ஒரு பேரணியில், தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருஷப் பிறப்பிலிருந்து மதுவைத் தொடுவதில்லை என்று அறிவித்தார். அதையும் கேலி செய்தார்கள். 2022 செப்டம்பரில் பிராங்க்பர்ட்டில் போதையில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார் என்று எதிர்க்கட்சிகள் கிளப்பின, அவர் கட்சி மறுத்தது. விமானம் தாமதமானதற்குக் காரணம் முந்தைய விமானம் தாமதமாக வந்ததும் விமானத்தை மாற்றியதும்தான் என்றது விமான நிறுவனம். அவர் விட்டாரா இல்லையா என்பது என் விஷயமில்லை. 'விட்டுவிட்டேன்' என்று பெற்ற தாய் முன்னால் சொன்னவருக்கும் கிடைத்தது அதே சிரிப்புதான். அப்படியானால் எதற்கு விட வேண்டும் என்று வேடிக்கை பார்க்கிற குடிகாரன் கேட்பானா, மாட்டானா?

சிகிச்சையை ஒப்புக்கொண்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டனில் சார்லஸ் கென்னடி என்றொரு கட்சித் தலைவர் இருந்தார். 2002-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் குடியைப் பற்றிக் கேட்டுவிட்டு, பேட்டியாளர் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2006 ஜனவரியில் சிகிச்சை எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார், இரண்டு நாளில் தலைமைப் பதவி போனது. 2015-ல், 55 வயதில், அந்தக் குடியே அவரைக் கொண்டுபோனது.

இனி உன் அப்பா.

கடிதத்தில் அவரைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். நீ கேட்க வந்ததே அவரைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. 'அப்பாதான் முதலில் சிரிப்பார்' என்கிறாய். முப்பது வருஷமாக நான் பார்த்த குடிநோயாளிகளில், இன்னொரு குடிகாரனைப் பார்த்து உரக்கச் சிரிக்காதவர் அபூர்வம். 'நான் அவ்வளவு தூரம் போகவில்லை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் வழி அது. நாற்காலியோடு விழுந்த மெம்பர் இருக்கும்வரை, நடந்து வீடு வந்து சேரும் உன் அப்பா நல்லவர். அந்த மெம்பர் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி, காலையில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு அதே சாயாக்கடையில் வந்து உட்காருகிறார். உன் அப்பாவுக்கு அது எப்படி இருக்கும்? பயமாக இருக்கும். 'இவனாலேயே முடிந்ததா?' என்று ஒரு கேள்வி உள்ளே விழுந்திருக்கும். நீ மேடையில் அந்தக் கையை ஆட்டிக் காட்டினால், அவருக்கு அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை. 'பார்த்தாயா, போனவன் கதி என்ன ஆச்சு' என்று அன்றைக்கு ராத்திரியே ஒரு குவார்ட்டர் கூடுதலாகப் போகும். மெம்பருக்கு விழும் அடியை மெம்பர் தாங்கிக்கொள்வார், அரசியல்வாதி, தோல் தடித்தவர். பின்வரிசையில் இருக்கிற ஆளைத்தான் நான் நினைக்கிறேன். இஞ்சிவிளையில் ஒருவர், களியக்காவிளையில் ஒருவர், சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்று மனசுக்குள் நாணயம் சுண்டிக்கொண்டிருப்பவர்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். மெம்பர் மறுபடி குடிக்கக்கூடும். விட்டவர்களில் பலர் முதல் வருஷத்தில் ஒருமுறையாவது வழுக்குகிறார்கள், இந்த நோயின் போக்கு அப்படி. அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை நோய் என்று அறிவித்தது 1956-ல். தெற்கெல்லைத் தமிழர்களுக்காகப் போராடிய நேசமணி கேட்ட நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டுக்குக் கிடைக்காமல், களியக்காவிளைக்கு இப்பால் உங்கள் வீடு கேரளத்தில் நின்றுபோனதும் அதே வருஷம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசின் டாஸ்மாக் மதுக்கடை, இந்தப் பக்கம் கேரள அரசின் பெவ்கோ மதுக்கடை. உங்கள் ஊரில் விட்டவன் இரண்டு அரசாங்கத்தையும் தாண்டித்தான் வீடு வந்து சேர வேண்டும். ஓணம் முடிந்ததும் பெவ்கோ எத்தனை கோடிக்கு விற்றது என்ற கணக்கு பத்திரிகையில் வரும், ஏதோ கோப்பை ஜெயித்ததுபோல. தள்ளுமுள்ளு இல்லாமல் மலையாளி நிற்கும் ஒரே வரிசை அதுதான் என்பது பழைய ஜோக். அதை இன்னும் யாரும் ஸ்கிட்டாக நன்றாகச் செய்யவில்லை. அங்கே வரிசையில் முன்னால் நிற்பவர் மது ஒழிப்புக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போகிறவராக இருக்கட்டும்.

'மெம்பரிடம் காசு வாங்கினாயா?' என்று கேட்பவனுக்கு, கிராமசபைக் காட்சியை நான்கு பக்கம் எழுதிக் கொடு, வாயை மூடிவிடுவான். நடுக்கம் நடிக்கத் தெரிந்த பையனை வீணாக்காதே. மெம்பரிடம் கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டும்போது அந்த ஒப்பந்தக்காரரின் கை நடுங்கட்டும்.

விழா நோட்டீஸின் பின்பக்கம் எப்படியும் ஏதாவது நகைக்கடை விளம்பரம் போடுவீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி இடம் கேள். கேரள அரசின் விமுக்தி திட்டத்துக்குப் போன் எண் 14405, நாடு முழுவதற்கும் உள்ளது 14446. இரண்டும் இலவசம். ஸ்கிட்டில் யாரும் அதைப் படிக்க வேண்டாம், மேடையில் உபதேசம் வந்தால் ஜனம் எழுந்து பாயசத்துக்குப் போய்விடும். நோட்டீஸை உன் அப்பாவின் சட்டைப் பையில் வைக்காதே, கிழித்துப் போடுவார். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் இருக்கட்டும்.