பன்னிரண்டு அடிச் சுற்றளவுப் புளிக்கு எந்த மிஷின்?

கேள்வி: ஐயா, அலங்காநல்லூர் பக்கம் மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். தென்னை, வேம்பு, கருவேலம் எல்லாம் இதுவரை 58 சிசி மிஷினிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது ரோட்டோரப் புளிய மரங்கள் ஏலத்துக்கு வருகின்றன. சில மரங்கள் அடியில் பன்னிரண்டு அடிச் சுற்றளவு. கறிக்கடைக்காரர்கள் கட்டை கேட்கிறார்கள். மதுரையில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கும் ஒருவர் அதே மரத்தை மேஜைக்கு அகலப் பலகையாக அறுத்துத் தரச் சொல்கிறார். பெரிய மிஷின் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். 90 சிசியா, 120 சிசியா? ஸ்டிலா, ஹஸ்க்வர்னாவா?
(வாசகர், அலங்காநல்லூர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மரத்தைக் குறுக்கே அறுத்துத் துண்டு போடுவது ஒன்று, நெடுக்கே அறுத்துப் பலகை எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மிஷினைத் தேடுவதால் வரும் குழப்பம்தான் இது. நம் பக்கத்தில் மரத்தின் தடிமனைப் பார்த்து மிஷின் வாங்குகிறார்கள். அறுக்கப்போகும் திசையைப் பார்த்து வாங்குவதுதான் சரி.

முதலில் தடிமன் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பன்னிரண்டு அடிச் சுற்றளவு என்றால் குறுக்களவு சுமார் 46 அங்குலம். அதற்கு 46 அங்குல பார் தேவையில்லை. 30 அங்குல பார் போட்டு ஒரு பக்கம் பாதிக்குமேல் அறுத்துவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கம் அறுத்தால் துண்டு கழன்றுவிடும். 25 அங்குல பாரிலும் கணக்குப்படி முடியும். ஆனால் நடுவில் ஓர் அங்குலம் விட்டுப்போனால் ஆப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு 90 சிசி வகுப்பு தாராளம். ஸ்டிலில் எம்எஸ் 661 என்பது 91.1 சிசி, 5.4 கிலோவாட், பார் செயின் இல்லாமல் 7.4 கிலோ. ஹஸ்க்வர்னாவில் 592 எக்ஸ்பி 92.7 சிசி, 5.6 கிலோவாட், எடை அதே 7.4 கிலோ. காகிதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஹஸ்க்வர்னாவின் பழைய 395 எக்ஸ்பியும் நல்ல மிஷின்தான். 93.6 சிசி, 4.9 கிலோவாட், 7.9 கிலோ. அதன் கார்புரேட்டரை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி நீங்களே செட் பண்ணிக்கொள்ளலாம். 661, 592 இரண்டிலும் அந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஓடும்வரை சுகம். மக்கர் செய்தால் டீலரிடம் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த பையனும் இருக்க வேண்டும். அதனால் கம்பெனி எது என்பதை நான் முடிவு செய்வதைவிட மதுரை டீலர் முடிவு செய்வதுதான் நல்லது. பிஸ்டன், கிளட்ச், ஆயில் பம்ப் மூன்றும் அலமாரியில் இருக்கிறதா என்று இரண்டு கடையிலும் கேளுங்கள். “ஆர்டர் போட்டால் வந்துவிடும்” என்று சொல்கிற கடையை விட்டுவிடுங்கள். ஏல மரம் உங்களுக்காகக் காத்திருக்காது.

இனி 120 சிசி. ஸ்டில் எம்எஸ் 881 என்பது 121.6 சிசி, 6.4 கிலோவாட், 9.9 கிலோ. ஹஸ்க்வர்னா 3120 எக்ஸ்பி 118.8 சிசி, 6.2 கிலோவாட், 10.4 கிலோ. 661-ஐயும் 881-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடுதலாகக் கிடைப்பது ஒரு கிலோவாட், அதற்குக் கூடுதலாகச் சுமப்பது இரண்டரைக் கிலோ. நீள பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தால் 881 கையில் 14 கிலோ பக்கம் வந்து நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு விழுந்து கிடக்கிற புளியின் மேல் ஏறி இறங்கினால் மதியத்துக்குள் கை நடுங்கும். நடுங்குகிற கையில் செயின்சா இருக்கக் கூடாது. துண்டு போடும் வேலைக்கு 120 சிசி வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பலகை அறுப்பது வேறு விஷயம். 46 அங்குல மரத்தைக் குறுக்கே ஒருமுறை அறுத்தால் செயின் கடக்கும் பரப்பு சுமார் பதினொன்றரைச் சதுர அடி. அதே மரத்தில் எட்டு அடி நீளத்துக்கு நடுப்பலகை ஒன்றை எடுக்க ஒரே ஓட்டத்தில் முப்பது சதுர அடிக்குமேல் கடந்தாக வேண்டும். மூச்சு விட இடமில்லை. பார் முழுக்க மரத்துக்குள் புதைந்திருக்க, மிஷின் பல நிமிடங்கள் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். 90 சிசி அந்தச் சூட்டில் திணறும். இங்கேதான் 881-க்கும் 3120-க்கும் வேலை. அவற்றின் இழுவையும் பெரிய ஆயில் பம்ப்பும் இதற்கென்றே செய்தவை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடட்டும், சிலிண்டர் ஆறும்.

அப்படியும் 46 அங்குல அகலம் கிடைக்காது. 41 அங்குல பாரில் பலகை அறுக்கும் ஃபிரேமை மாட்டினால் நாலைந்து அங்குலம் அதிலேயே போய்விடும். மரத்தின் இரண்டு விலாவையும் முதலில் சீவிக் குறைத்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. செயின் ஒவ்வொரு ஓட்டத்திலும் எட்டு, ஒன்பது மில்லி மரத்தைத் தூளாக்கிவிடும். பேண்ட் சா இரண்டு, மூன்று மில்லிதான் தின்னும். பத்து ஓட்டம் போட்டால் செயின்சாவில் மூன்றரை அங்குலம் தூள். இரண்டரை அங்குலப் பலகை விற்கிறவருக்கு அது ஒரு முழுப் பலகைக்கும் மேல். அதனால் என் யோசனை: 90 சிசி ஒன்று வாங்குங்கள். பலகை கேட்பவருக்கு மரத்தை எட்டடித் துண்டாக்கி, பெரிய வாய் உள்ள பேண்ட் சா மில்லுக்கு லாரியில் ஏற்றுங்கள். மில் வாய்க்குள் நுழையாத மரத்தை நடுவில் ஒருமுறை மட்டும் செயின்சாவால் பிளந்து அனுப்பலாம். மாதம் முழுக்கப் பலகை ஆர்டர் நிச்சயம் என்ற நிலை வந்தால் அப்போது 881 வாங்கலாம். ஒரு கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி இப்போது வேண்டாம்.

58 சிசி மிஷினை விற்றுவிடாதீர்கள். கிளை கழிக்கவும் கருவேலத்துக்கும் அதுதான் கைக்கு அடக்கம்.

கேள்வி: தேக்கில் அரை நாள் ஓடுகிற செயின் புளியில் அரை மணி நேரத்தில் மழுங்குகிறது. மட்டமான செயினா, மரமே அப்படியா?
(வாசகர், பாலமேடு)

பதில்: மரம் பாதிக் காரணம். காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ என்றால் புளி 850 கிலோ பக்கம். வைரம் நடுவில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம்தான் இருக்கும். சுற்றியுள்ள வெளிர் மரமே இரும்பாக இருக்கும். அது நார் பின்னிக் கிடப்பதால் கத்தி விழுந்த இடத்தில் பிளக்காது. கறிக்கடைக்காரர் புளியைத் தேடுவது அதற்குத்தான்.

மீதிப் பாதிக்குக் காரணம் ரோடு. நெடுஞ்சாலைப் புளியின் அடிமரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளையும் கருப்புமாகப் பெயின்ட், அதன்மேல் லாரி வாரியடித்த மண், பட்டை வெடிப்புகளில் பொடி மணல். செயினை முதலில் மழுக்குவது இந்த மணல்தான். அறுக்கப்போகும் கோட்டில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைக் கோடாலியால் செதுக்கி எடுத்துவிட்டு, அப்புறம் செயினை வையுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு செயின் மிச்சம்.

அடுத்து ஆணி. டியூஷன் சென்டர், டாக்டர், கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று நாற்பது ஐம்பது வருஷமாக அடித்த ஆணியெல்லாம் மரம் வளர வளர உள்ளே போயிருக்கும். ஆள் உயரத்திலிருந்து கை எட்டும் உயரம்வரைதான் அதிகம். வெட்டு முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று நிறுத்துங்கள். சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று வைத்துக்கொள்வது வீண் செலவு அல்ல.

தீட்டும் முறைக்கு வருவோம். 3/8 பிட்ச் செயினுக்கு 5.2 மில்லி உருண்டை அரம், பெரிய மிஷினின் 404 பிட்சுக்கு 5.5 மில்லி. குறுக்கறுப்புக்கு 30 டிகிரி. புளிக்கு 25 வைத்தால் முனை கொஞ்சம் தாங்கும். நெடுக்கறுப்புக்கு 10 டிகிரி. குறுக்கறுப்புச் செயினையே நெடுக்கே ஓட்டினால் பலகை வரிவரியாகச் சொரசொரக்கும், மிஷினும் இழுக்கும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை வேகத்துக்காக அதிகம் தேய்த்துவிடுகிறார்கள். கடின மரத்தில் அப்படிச் செய்தால் பல் ஆழமாகக் கடித்து மிஷின் துள்ளும். மரத்திலிருந்து சீவல் விழுந்தால் செயின் கூர்மை. மாவு போல் விழுந்தால் அரத்தை எடுங்கள். இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒருமுறை தீட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு சின்னக் கதை. 1946-ல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, கட்டையைக் குடையும் வண்டுப்புழு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வாயிலுள்ள இரண்டு கொடுக்கும் இடமும் வலமுமாக மாறிமாறிச் சீவியதைக் கவனித்து, அதே மாதிரி செயின் செய்தார். 1947-ல் ஓரிகன் மாநிலத்தில் கம்பெனியே தொடங்கினார். இன்று உங்கள் மிஷினில் இடப்பல், வலப்பல் என்று மாறிமாறி வருவது அந்தப் புழுவின் உபயம். அதனால்தான் ஒரு பக்கப் பல்லை மட்டும் நன்றாகத் தீட்டி மறுபக்கத்தைக் கைவிட்டால் அறுப்பு வளைந்து போகிறது. வலது கைக்காரர் பலருக்கும் இந்தக் குறை உண்டு. இரண்டு பக்கமும் அரம் போடும் தடவையை எண்ணுங்கள்.

செயினுக்கு லாரி ஷெட்டில் வாங்கிய கழிவு ஆயிலை ஊற்றுவதையும் விடுங்கள். அதிலுள்ள இரும்புத் தூள் பம்ப்பைத் தின்றுவிடும்.

கேள்வி: “070 மாடல், ஸ்டில் மாதிரியே” என்று 105 சிசி மிஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், வாடிப்பட்டி)

பதில்: அசல் 070 ஒரு காலத்தில் ஆசியக் காடுகளை ஆண்ட மிஷின். மெதுவாகச் சுற்றும், யானை மாதிரி இழுக்கும். நீங்கள் சொல்வது அதன் நகல். இந்த வகையில் பெரும்பாலும் செயின் பிரேக் கிடையாது. பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் செயினை நிறுத்துவது பிரேக் ஒன்றுதான். விலை எவ்வளவு குறைவானாலும் பிரேக் இல்லாத மிஷினை வேலையாள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பங்கில் இப்போது கிடைப்பதெல்லாம் இ20 பெட்ரோல். செயின்சாவுக்கு ஆகுமா?
(வாசகர், சமயநல்லூர்)

பதில்: இ20-ல் கலந்திருக்கும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதுதான் தொல்லை. கையால் செட் பண்ணும் கார்புரேட்டர் உள்ள மிஷின்களில் 10 சதவீதத்துக்குமேல் எத்தனால் இருந்தால் ஓட்டம் சீராக இருக்காது. கலவை வறண்டு சூடேறும் ஆபத்தும் உண்டு. இ20 தவிர வேறு வழியில்லை என்றால் டீலரிடம் கொடுத்து பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகப் போகும்படி செட் பண்ணிக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் கார்புரேட்டர் உள்ளவை தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

பெட்ரோலில் கலப்பது கம்பெனி ஆயிலானால் லிட்டருக்கு 20 மில்லி. கலந்ததை முப்பது நாளுக்குமேல் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மிஷின் சும்மா கிடக்கும் என்றால் டேங்கைக் காலி செய்து, ஐடிலில் தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். கார்புரேட்டரின் ரப்பர் தகடு பிழைக்கும்.

கேள்வி: புளிய மரத்தைச் சாய்க்கும்போது கவனிக்க வேண்டியது?
(மீண்டும் அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: முதல் வேலை, கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுவது. வயதான புளி பெரும்பாலும் உள்ளே பொந்து. டொங்கென்று சத்தம் கேட்கும் பக்கத்தில் நம்பி வெட்டக் கூடாது. விழும் பக்கம் வாய் எடுத்துவிட்டுப் பின்பக்கம் அறுக்கும்போது, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். 46 அங்குல மரத்துக்கு நாலரை அங்குலம். மரத்தைப் பிடித்து வழிநடத்துவது அறுக்காமல் விட்ட அந்தப் பகுதிதான். பொந்து மரத்தில் அது பாதிகூட இருக்காது. அப்போது வடம் கட்டி இழுக்க வேண்டும், அல்லது கிரேன் வைத்து மேலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். ஆப்பு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் போகும்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரசு நிலத்து மரங்களை வெட்டுவதை மாவட்டப் பசுமைக் குழு பார்க்கிறது. ஏலம் உங்கள் பேரில் முடிந்தது என்பதாலேயே மிஷினை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். வெட்டு உத்தரவு எத்தனை மரத்துக்கு, எந்த எண் போட்ட மரத்துக்கு என்று படித்துப் பார்த்து, நகலை வண்டியிலேயே வைத்திருங்கள். மரத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சாய்ப்பதற்கு முன் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.