சூலகக் கட்டியும் மூளை அழற்சியும்: குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

கல்லூரிக்கோ வேலைக்கோ வழமைபோலச் சென்றுவந்த இளம்பெண் ஒருவர் சில நாட்கள் தலையிடி, காய்ச்சலால் வருந்துகிறார். அதன்பின் உறக்கம் கெடுகிறது. வீட்டாரையே ஐயுறுகிறார், இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுகிறார். பரீட்சைச் சுமை என்று சிலரும், மனநோய் என்று சிலரும், கண்ணூறு என்று வேறு சிலரும் கருதுவர். சில வேளைகளில் இவை மூன்றுமே தவறாகலாம். மூளையில் உண்டான அழற்சியே காரணமாக இருக்கலாம்; அதன் மூலம் சூலகத்தில் இருக்கும் சிறு கட்டியாகவும் இருக்கலாம்.

டெரட்டோமா எனப்படும் இவ்வகைக் கட்டியினுள் முடி, பல், தோல் ஆகியவற்றுடன் நரம்பிழையமும் வளர்வதுண்டு. அந்நரம்பிழையத்தை அந்நியப் பொருளென எண்ணி உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. அவையே மூளைக்குச் சென்று, நினைவுக்கும் சிந்தனைக்கும் இன்றியமையாத என்.எம்.டி.ஏ. வாங்கிகளை நரம்புக் கலங்களின் மேற்பரப்பிலிருந்து குறைத்துவிடுகின்றன. கலங்கள் பெரும்பாலும் அழிவதில்லை. ஆகவேதான் குணமடைதல் இயலுகிறது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடன் ஆய்ந்தோரும் 2007இல் இந்நோயின் காரணத்தை வெளியிட்டனர். அவர்கள் விவரித்த 12 பெண்களில் 11 பேருக்குச் சூலகத்தில் டெரட்டோமா இருந்தது. பின்னர் 2013இல் வெளிவந்த 577 நோயாளர் பற்றிய ஆய்வில் நோயாளரின் இடைநிலை வயது 21 ஆகும். ஐவரில் நால்வர் பெண்கள். அப்பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே கட்டி காணப்பட்டது. ஆண்களும் குழந்தைகளும் இந்நோய்க்கு உள்ளாவர். கட்டி இல்லை என்பதால் நோயும் இல்லை என்று கொள்ளலாகாது.

முதற்கட்டக் குழப்பத்தைத் தொடர்ந்து பேச்சுக் குன்றுதல், வாயும் முகமும் தாமாக அசைதல், வலிப்பு, உடல் விறைத்து அசைவற்றிருத்தல், மூச்சும் இதயத்துடிப்பும் சீர்கெடுதல் ஆகியவை வாரக்கணக்கில் தோன்றலாம். எம்.ஆர்.ஐ. படம் பலருக்கு இயல்பாகவே அமையும். முள்ளந்தண்டு நீரில் பிறபொருளெதிரியைத் தேடுவதே உறுதியான சோதனை. குருதியில் மட்டும் தேடினால் சிலரிடம் தவறிப்போகக்கூடும். மனநோய் வரலாறு இல்லாத ஒருவரிடம் இம்மாற்றங்கள் திடீரெனத் தோன்றின், “இது தன்னுடல் தாக்கும் மூளை அழற்சியாக இருக்குமா?” என்று மருத்துவரிடம் கேட்பது குடும்பத்தாரின் உரிமை. அக்கேள்வியை எவரும் அவமதிப்பாகக் கருதார்.

வீட்டில் நிகழ்ந்ததை மறையாது கூறுவதும் அவ்வளவு முக்கியமானது. மகளின் சொற்களைத் தாயோ தம்பியோ மொழிபெயர்க்கும்போது வெட்கத்தால் சில விடுபடுகின்றன. “அப்பா சோற்றில் நஞ்சு வைக்கிறார்” என்று அவர் கூறியிருந்தால், மருத்துவர் அறிய வேண்டியது அந்த வாக்கியமே. ஆகவே மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுக.

இனிச் சட்டம். ஒருவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும் என்று மருத்துவர் கருதினால், ஒன்ராறியோ மனநலச் சட்டத்தின்கீழ் படிவம் 1ஐ நிரப்பி, மதிப்பீட்டிற்காக 72 மணிநேரம் வரை அவரை வைத்திருக்க இயலும். இது குற்றச்சாட்டு அன்று. சிகிச்சைக்கான அனுமதியும் அன்று. சிகிச்சைக்கு இணக்கம் வேண்டும். அதை 1996ஆம் ஆண்டின் உடல்நலப் பராமரிப்பு இணக்கச் சட்டம் ஒழுங்குசெய்கிறது. நோயாளர் தாமே முடிவெடுக்க இயலாதபோது பதிலாள் ஒருவர் முடிவெடுப்பார். நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரோ, நோயாளர் முன்னரே எழுத்தில் அதிகாரமளித்தவரோ இருப்பின் அவருக்கே முதலுரிமை. பொதுவாக அதற்கடுத்து வாழ்க்கைத்துணை, அதன்பின் பெற்றோர். மணமான மகளுக்காகக் கணவரை விலக்கிப் பெற்றோர் முடிவெடுக்கச் சட்டம் இடந்தராது என்பது நம்மவரிடையே பலருக்கு வியப்பளிப்பது. சமநிலையிலுள்ள இருவர் முரண்பட்டால் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் தீர்மானிக்கும். உயிராபத்தான அவசரத்தில் இணக்கத்திற்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை.

கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு இணங்கும் வேளையிலேயே பெற்றோர் பெரிதும் தயங்குகின்றனர்: “பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லையே” என்பர். இவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் பல வேளைகளில் கட்டியை மட்டும் நீக்கிச் சூலகத்தைக் காக்க இயலும். ஒரு சூலகம் நீக்கப்பட்டாலும் மற்றையது நலமாயிருப்பின் கருத்தரிக்கலாம். இதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரடியாகக் கேட்பது தகும். 16 வயதின்பின் நோயாளர் தெளிந்த நிலையில் வெளியிட்ட, இந்நிலைக்குப் பொருந்தும் விருப்பம் இருந்தால், பதிலாள் அதையே பின்பற்ற வேண்டும். இல்லாவிடின் நோயாளரின் நலனே அளவுகோல். ஊரார் பேச்சு அவ்வளவுகோலில் இடம்பெறாது.

கட்டியை அகற்றுவதுடன் ஸ்டெரொயிட், இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று ஆகியவை முதற்சிகிச்சையாக அளிக்கப்படும். பயனளிக்காவிடின் ரிடக்ஸிமாப் போன்றவை தொடரும். மேற்கண்ட ஆய்வில் மதிப்பிடப்பட்ட 501 பேரில் 394 பேர் முதல் இரண்டாண்டுக்குள் நல்ல நிலையை எய்தினர். 30 பேர் இறந்தனர். தேறுதல் மெதுவானது. பேச்சும் நடையும் திரும்பியபின்னரும் நினைவும் பொறுமையும் மீளப் பல மாதங்கள் செல்லலாம். நோய் மீண்டும் வருவதுமுண்டு.

வலிப்பு, மூச்சுத்திணறல், உணர்விழப்பு ஏற்பட்டால் உடனே 911ஐ அழைக்கவும். ரூஜ் வாசிகளுக்கு அண்மையிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளுள் ஒன்று எல்ஸ்மியர் வீதியிலுள்ள சென்டினரி மருத்துவமனை. மூத்தோர் பலர் இன்றும் அதை ‘ரூஜ் வலி’ என்றே அழைப்பர். அவசரமற்ற ஐயங்களுக்கு 811இல் தாதியருடன் உரையாடலாம். குடும்ப ஆதரவுச் சேவைகளை அறிய 211ஐ அழைத்து, “தமிழ்” என்று கூறி மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.