பத்துப் பேர் கூடினால்

தோழியரே, நம் மயிலாப்பூருக்கு அருகே, லாயிட்ஸ் சாலையில் (இன்று அவ்வை சண்முகம் சாலை) சிறியதொரு யூதர் கல்லறைத் தோட்டம் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வைர வியாபாரத்திற்காக வந்த யூதர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையில் வாழ்ந்தனர்.

யூதர் தனியாகவும் செபிக்கலாம். ஆனால் சில செபங்களுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் ஒருங்கே கூட வேண்டும். இக்கூட்டத்திற்கு 'மின்யான்' என்று பெயர். (பெண்களையும் கணக்கில் சேர்க்கும் பிரிவுகள் இன்று உண்டு என்பதை மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறேன்!) கானானை வேவு பார்க்கச் சென்ற பன்னிருவரில் யோசுவாவும் காலேபும் நீங்கலாக, மக்களைக் கலங்கச் செய்தவர் பத்துப் பேர். அவர்களை வேதம் 'சபை' என்று குறிப்பதாக ரபிகள் பொருள் கொண்டனர். நம்பிக்கையற்ற பத்துப் பேரிடமிருந்து செபக் கூட்டத்திற்கு இலக்கணம் பிறந்தது விந்தையே!

இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் 'கதீஷ்' செபத்திற்கும் இந்தப் பத்துப் பேர் வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடவுளின் பெயர் போற்றப்படவும் அவரது அரசு வரவும் வேண்டுவதே அதன் தொடக்கம். நாம் நாள்தோறும் சொல்லும் எந்தச் செபம் உங்கள் நினைவுக்கு வருகிறது?

கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது? உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் மேலானது என்பது யூத மறையின் உறுதியான சட்டம். 1831-இல் போசன் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) காலரா பரவியபோது, ரபி அகிபா ஈகர் செபக்கூடத்தில் நெரிசல் கூடாதென்றார். பதினைந்து பேர் அளவில் சிறு குழுக்களாக, விடியற்காலை முதல் முறைவைத்துச் செபிக்கச் சொன்னார். எண்ணிக்கை மீறாதிருக்கக் காவலரின் உதவியை நாடவும் அவர் தயங்கவில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது பதினைந்து பேருக்கும் வழியில்லாமற் போயிற்று. நம் ஆலயங்களும் மூடியிருந்தன. ஆயினும் குருவானவர் தனியே திருப்பலி நிறைவேற்ற, நாம் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். யூதருக்கோ, பத்துப் பேர் இல்லையெனில் கதீஷ் இல்லை. தகப்பனைப் பறிகொடுத்த மகன் அதைச் சொல்ல இயலாமல் வீட்டில் இருக்க நேர்ந்தது. திரையில் தோன்றும் பத்து முகங்கள் போதுமா? மரபு வழுவாத ரபிகளில் பெரும்பாலோர் போதாது என்றனர். வேறு சிலர் நெருக்கடி காலத்திற்கு மட்டும் இசைந்தனர். இஸ்ரயேலில் அண்டை வீட்டார் தத்தம் மாடி முகப்பில் நின்று, ஒருவரையொருவர் பார்த்தபடி செபித்தார்கள். அது மின்யான் ஆகுமா என்பதிலும் ரபிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

நோயே இல்லாத நாளிலும் பத்துப் பேருக்குத் தவிக்கும் இடம் நமக்கு அருகிலேயே உள்ளது. கொச்சியில் 1568-இல் கட்டிய பரதேசி செபக்கூடத்தைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இஸ்ரயேலில் குடியேறிவிட்டனர். வெளியூர் யூதர் வந்து சேரும் நாளில்தான் அங்கே எண்ணிக்கை நிறைகிறது.