உபரி வலிமை யாருக்கு உரியது?

அன்புள்ள மகளுக்கு,

தூண் தாங்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டு அறிந்த பின்னும், அதை ஒன்றரை மடங்காகப் பெருக்கிக்கொண்டு கட்டுவது வீண் செலவல்லவா என்று கேட்டிருந்தாய். பொறியியல் படிக்கத் தொடங்கிய உனக்கு இச்சந்தேகம் எழுந்ததில் எனக்கு மெத்த மகிழ்ச்சி.

நம் நாட்டுக் கான்கிரீட் நியமமாகிய ஐ.எஸ். 456, சுமையை 1.5-ஆல் பெருக்கச் சொல்வதோடு நில்லாமல், கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆலும் கம்பியின் வலிமையை 1.15-ஆலும் வகுத்துக் குறைத்துக்கொள்ளவும் விதிக்கிறது. கம்பிக்கு மட்டும் ஏன் இச்சலுகை? கம்பி ஆலையிலே சோதிக்கப்பட்டு வருவது. கான்கிரீட்டோ, வெயிலிலும் அவசரத்திலும் கலக்கப்பட்டு, தண்ணீர் சற்றுக் கூடியும் குறைந்தும், சரியாக நீராற்றப்பட்டோ படாமலோ, வேலைத்தலத்திலேயே இறுகுவது. மனிதர் எங்கே எவ்வளவு தவறக்கூடும் என்பதை அனுபவத்தால் உணர்ந்தவர்கள் வகுத்த எண்கள் இவை. ஆகவே அந்த உபரி வலிமை, கண்ணுக்குத் தெரியாத பிழைகளுக்கென முன்னமே ஒதுக்கப்பட்டுவிட்ட ஒன்று. வீட்டுக்காரரும் அதற்கு உரியவரல்லர், பொறியாளரும் உரியவரல்லர்.

இதை மறந்தவர்களின் கதை தென்கொரியத் தலைநகர் சியோலில் நடந்தது. சாம்பூங் என்னும் பல்பொருள் அங்காடியை நிர்மாணித்தவர்கள், நான்கு மாடிக்கென உத்தேசித்த கட்டடத்தின்மேல் ஐந்தாவதை ஏற்றத் துணிந்து, அது தகாதென்று மறுத்த ஒப்பந்தக்காரரை விலக்கினார்கள்; நகரும் படிக்கட்டுகளுக்கு இடம் வேண்டித் தூண்களைக் குறைத்தார்கள்; கூரைமேலிருந்த குளிர்சாதன இயந்திரங்களின் இரைச்சலைப் பற்றி அண்டை வீட்டார் முறையிட்டபோது, 1993-இல் அவற்றைத் தூக்காமல் தளத்தின்மீதே இழுத்து இடம் மாற்றினார்கள். உத்தரங்களின்றித் தூண்களே நேராகத் தளத்தைத் தாங்கும் அமைப்பு அது; அதிலே ஒரு தூண் தலைப்பில் தளம் பிளந்து இறங்குமாயின், அச்சுமை அண்டைத் தூண்களின்மேல் விழுந்து அவற்றையும் அவ்வாறே ஆக்கும். ஒவ்வொரு மாறுதலுக்குப் பின்னும் கட்டடம் நின்றது. நின்றதையே அவர்கள் பிரமாணமாகக் கொண்டார்கள். 1995 ஜூன் 29 காலையில் மேல்மாடியின் விரிசல்கள் பெருகிய பிறகும் வியாபாரத்தை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. அன்று மாலை அதன் தெற்குப் பகுதி முழுவதும் சரிந்தது. மாண்டவர் 502 பேர். இதை விதியென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

நாளை உன்னிடமும் ஒருவர் வருவார். "அஸ்திவாரம் பலமாகத்தான் போட்டிருக்கிறோம், இன்னொரு மாடி எடுக்கலாமே" என்பார். பழைய வரைபடங்களையும் மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கி, முதலிலிருந்து கணக்கிட்டுப் பார். அவை கிடைக்காவிடில், அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் கையொப்பமிடாதே.

அன்புடன்,
அப்பா