வாயின் உறுப்புக்களும் எழுத்துப் பிறப்பும்

தீவகத்து ஆசிரியர்காள், வாயின் அமைப்பைக் கற்பித்தற்கு எழுத்துக்களே தக்க கருவியாம். தொல்காப்பியர் பிறப்பியலிலே தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புக் கூறினார். மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் 1872 இல் வெளியிட்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ உடலமைப்பைத் தமிழிலேயே உணர்த்திற்று. மிஷன் பாடசாலையிற் கற்ற யாமும் பிறமொழிப் பெயருக்கு அலைதல் வேண்டா என்போம்.

நாவினால் அண்ணத்தைத் தடவச் செய்க. முன்பாகம் என்பாதலின் வலிது. பின்பாகம் தசையாதலின் மெலிது. அதன் நுனியிலே தொங்குவது உண்ணாக்கு. பகரம் ஒலிக்குங்கால் மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கும். மகரத்திலே தாழ்ந்து காற்றை விடும். மூக்கைப் பொத்திக்கொண்டு ‘ம்’ என நீட்டச் சொன்னால் ஒலி நின்றுவிடும். பிள்ளைகள் நகைத்துக்கொண்டே உணர்வர்.

அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கோ அவ்வழி அடைபடாது; ‘பாட்டி’ என்பது ‘மாட்டி’ போல ஒலிக்கலாம். மெல்லிய தோல் மூடியிருப்பின் பிளவு எளிதிற் புலப்படாது. உண்ணாக்கு இரண்டாகப் பிரிந்திருத்தல் ஓர் அறிகுறி. அப்பிள்ளையைப் பிரம்பினாலே திருத்தப் புகுதல் கொடுமை. சத்திரசிகிச்சையும் பின்னர்ப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. நெடுந்தீவாராயினும் குறிகட்டுவானுக்குப் படகேறி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும்படி தாய்தந்தையருக்குச் சொல்லுக.