வேப்பிலையும் வேப்பெண்ணெயும்

தமிழ் மாணவரிடம் வேம்பின் பெருமையைப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் நான் பிறந்து வளர்ந்த பீர்மேட்டில் வேப்பமரத்தைக் காண்பது அரிது. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், மாதக்கணக்கில் மழை பொழியும் அக்குளிர்ந்த தேயிலை மலையில் அது செழிப்பதில்லை. அது வெயில் நிலத்து மரம். எனவே தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கினால், குமுளி வழியாகக் கம்பத்துக்கு ஜீப் இறங்கும். திரும்புகையில் வேப்பிலைக் கட்டுகளோடு காய்ந்த வேப்பம்பூவும் ஒரு புட்டி வேப்பெண்ணெயும் எங்கள் லயத்துக்கு வந்து சேரும். (மலையில் மலைவேம்பு என்றொரு மரம் உண்டு. அது வேறு இனம். பெயரை நம்பி அதன் இலையை மருந்துக்குப் பறிக்கலாகாது.)

பூ சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், பிறகு இரசத்துக்கும் ஆகும். இலையை அம்மாச்சி நிழலில் உலர்த்திப் பயறுப் பானைக்குள் இடுவார். வண்டு அண்டாது என்பார். இவ்வழக்கத்திற்கு விஞ்ஞானம் தரும் விளக்கம் சுவையானது. 1959-ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பசுமையனைத்தையும் தின்று, வேம்பை மட்டும் விட்டுச் சென்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டார். 1968-ல் அசாடிராக்டின் என்னும் பொருள் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியின் பசியைக் கெடுக்கும். இளம்புழு தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். கொட்டையில் மிகுதி, இலையில் குறைவு. வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். நிழலில் உலர்த்துவானேன் என்று சிறுவயதில் நான் கேட்ட கேள்விக்கு விடை எம்.எஸ்ஸி. வகுப்பில்தான் கிடைத்தது.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதை எள்ளி நகையாடும் நண்பர்கள் உண்டு. இலை அம்மைக் கிருமியைக் கொன்று நோயாளியைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லைதான். பெரியம்மை ஒழிந்ததும் தடுப்பூசியாலேயே. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அதனை அறிவித்தது. ஆனால் வாசலில் தொங்கும் கொத்து, அயலாரை உள்ளே வராதே என எச்சரிக்கிறது. நமைச்சலுக்கு நகத்தால் சொறியாமல் இலைக் கொத்தால் வருடினால் புண் சீழ் பிடிப்பது குறையும். என் கருத்தில் இவ்விரண்டும் சிறிய நன்மைகள் அல்ல.

இனி எண்ணெய்க்கு வருவோம். விளக்கில் எரிக்கலாம், பயிருக்குத் தெளிக்கலாம். பெரியவர்கள் தலையில் பேனுக்குத் தடவுவதும் உண்டு. ஆனால் சளி என்றும் வயிற்றுப் பூச்சி என்றும் கைக்குழந்தைக்குப் புகட்டும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. என் தம்பிக்கும் புகட்டினார்கள். அவன் பிழைத்தது நற்பேறு என்று இப்போது நினைக்கிறேன். நம்மைப் போலவே தோட்ட வேலைக்குத் தமிழர் குடியேறிய மலேசியாவில், வேப்பெண்ணெய் அருந்திய 13 குழந்தைகளைப் பற்றி 1981-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. சில மணி நேரத்திற்குள் வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, பின்னர் வலிப்பு. கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டன. ஒரு தேக்கரண்டி அளவே கேடு செய்யப் போதும்.

வேம்பின் பூசணக் கொல்லி ஆற்றலுக்கு அயலார் பெற்ற காப்புரிமை 2005-ல் ஐரோப்பாவில் முடிவாக ரத்தானதை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தக்கதே. அந்த 13 குழந்தைகளைப் பற்றி ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை.

சென்ற மாதம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கம்பத்திலிருந்து எண்ணெய் வந்துவிட்டதாக அம்மா தொலைபேசியில் சொன்னார். “குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம், அம்மா, சளி கண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்” என்றேன். “உங்களையெல்லாம் நான் அப்படித்தானே வளர்த்தேன்?” என்று அம்மாச்சி வாங்கிப் பேசினார். அவரிடம் மூளை, கல்லீரல் என்று விளக்கிப் பயனில்லை. “பயற்றில் வண்டைக் கொல்லும் பொருள் கொட்டையில்தானே, அம்மாச்சி, அதிகம்? எண்ணெய் அந்தக் கொட்டையில் ஆட்டியதுதானே?” என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்படியானால் விளக்குக்கு வைத்துக்கொள்கிறேன்” என்றார்.