வீட்டுக் காவல்: நாயா, அலாரமா?

ஊரில படலையடியில் நாய் குரைச்சால் ஆரோ வருகினம் என்று விளங்கும். இங்கிலாந்தில் கணக்கு வேறு.

நாய்: வீட்டுக்காரரின் அனுமதி வேணும். 2016 முதல் மைக்ரோசிப் கட்டாயம். 2014 முதல், உங்கள் வாசலிலேயே தபால்காரரைக் கடித்தாலும் உங்கள் மேல் வழக்கு வரலாம்; தண்டனை கிடைத்தால் அகதி விண்ணப்பத்தையும் பாதிக்கலாம்.

அலாரம்: தீன் கேளாது, கடிக்காது. ஆனால் சத்தம் மட்டும் போடுகிற அலாரத்துக்குப் பொலிஸ் தானாக வராது; ஆராவது 999 அடிக்க வேணும்.

அரசு தந்த வீடென்றால், கேட்காமல் இரண்டையும் வைக்காதேங்கோ. பூட்டுப் பழுதென்றால் உடனே அறிவியுங்கோ. தட்டினவர் ஆரென்று கேட்காமல் திறக்காதேங்கோ. கடிதங்களின் பிரதியை வேறிடத்தில் வையுங்கோ.

999 இலவசம். "பொலிஸ், டமில் இன்ரர்பிறிற்றர்" என்று சொல்லி, முகவரியையும் சொல்லுங்கோ. பயத்தில சொல் வராது. இன்றைக்கே சொல்லிப் பழகுங்கோ.